கண்மாய் மீன் யாருக்குச் சொந்தம்?



மாசி பிறந்து பனி விலகி, வெயில் முகம் காட்டத் தொடங்கியாச்சு. நெல் அறுப்பு முடிந்து வைக்கோல் படப்பும் ஏறியாச்சு. இனி மேலூர், கொட்டாம்பட்டி, நத்தம், சிங்கம்புணரி வட்டாரங்களில் டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சுத்தான்: "உங்க ஊர்க் கம்மாய் என்னைக்கு அழியுது?" கம்மாய் அழியுது என்றால் கரை உடைவது என்று அர்த்தமில்லை. வற்றி வரும் கண்மாயில் ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கிற நாளைத்தான் நம் பக்கத்தில் அப்படிச் சொல்லுகிறோம். பத்திரிகைக்காரர்கள் அதை மீன்பிடித் திருவிழா என்று எழுதுகிறார்கள்.

பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் பல நூறு வருஷத்துத் தண்ணீர் நிர்வாகம் இருக்கிறது. கண்மாய் மீன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நம் முன்னோர் சொன்ன பதில் ஒன்று, பின்னால் வந்தவர்கள் சொன்ன பதில் வேறு. பதில் மாறினதால் மீன் மட்டுமா மாறியது? கண்மாயும் மாறியது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

மாசி, பங்குனி ஏன்?

நம் மதுரைச் சமவெளிக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக்கால் வழியாகப் புதுத்தண்ணி கண்மாய்க்குள் வரும். அந்தப் புதுத்தண்ணியை எதிர்த்து மீன் ஏறும். நாம் அதை 'ஏத்துமீன்' என்கிறோம். சினை மீன்கள் முட்டையிட ஓடுகிற ஓட்டம் அது. தை வரைக்கும் தண்ணி நிறைந்து நிற்கும். குஞ்சுகள் பாசியும் பூச்சியும் தின்று வளரும். அதே தண்ணிதான் மடை வழியாக நம் நெல்லுக்கும் பாயும்.

தை, மாசியில் அறுப்பு முடிகிறபோது கண்மாயில் மிஞ்சுவது கொஞ்சத் தண்ணியும் நிறைய மீனும். இதற்குமேல் மீனை விட்டுவைத்தால் என்ன ஆகும்? வெயில் ஏற ஏறத் தண்ணி சூடாகும். சூடான தண்ணியில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். ராத்திரி முழுக்கப் பாசியும் செடியும்கூட அந்தப் பிராணவாயுவைத்தான் இழுக்கும். அதனால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். விரால், குரவை, தேளி போன்றவை வெளிக்காற்றையும் சுவாசிக்கக் கூடியவை. சேற்றில் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். கெண்டைக்கு அந்த வசதி கிடையாது, செத்து மிதக்கும். கொக்கு தின்றது போக மீதி நாறிப்போகும்.

ஆகவே அறுப்புக்குப் பிறகு, கோடை முற்றுவதற்கு முன்னால் என்று ஒரு சின்ன இடைவெளிதான் இருக்கிறது. மாசியில் தொடங்கி, தண்ணி நிற்கிற அளவைப் பொறுத்துச் சில ஊர்களில் வைகாசி வரைக்கும் போகும். படிக்காத காலத்திலேயே நம் ஆட்கள் கண்டுபிடித்து வைத்த பருவம் அது.

வெள்ளைத் துண்டு வீசினால்தான்

அந்த நாள் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்கூட்டியே சுற்று வட்டாரத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். விடியுமுன்னே கரையில் கூட்டம் நிற்கும். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருத்தரும் தண்ணியில் கால் வைக்கக்கூடாது. வீசினதும் ஊத்தா, கச்சா, வலை, கூடை என்று கையில் கிடைத்ததோடு ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் இறங்கிவிடுவார்கள்.

ஊத்தாவைப் புதுசாகப் பார்க்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அது மேலே குறுகி, கீழே அகன்ற, அடியில்லாத ஒரு கூடை. முழங்கால் தண்ணியில் நடந்துகொண்டே 'சொத்'தென்று அமுக்க வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் மோதும், கைக்குத் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டியதுதான். ஆழத் தண்ணியில் ஊத்தா வேலை செய்யாது. தண்ணி வற்றின பிறகுதான் இந்தக் கருவிக்கே மரியாதை. கருவியிலேயே ஒரு கட்டுப்பாடு அடங்கி இருக்கிறது, பாருங்கள்.

இந்த நாளுக்குள்ளே நாலு சட்டம் ஒளிந்திருக்கிறது. முதலாவது, கடைமடை வயல் கதிர் முற்றுகிற வரைக்கும் மீனுக்காகத் தண்ணியை வடிக்கக்கூடாது. முதலில் பயிர், பிறகு ஆடு மாடு, கடைசியில்தான் வலை. இரண்டாவது, நாள் குறிப்பது ஊர். தனி ஆள் இல்லை. மூன்றாவது, ஒரே நேரத்தில் எல்லாரும் இறங்கணும். முந்தினவனுக்குத் தனிச் சலுகை கிடையாது. நாலாவது, பிடிபட்ட மீன் விலைக்குப் போகாது. வீட்டுக் குழம்புக்கும் உறவுக்காரர்களுக்கும்தான். அன்றைக்கு ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் மீன் குழம்பு மணக்கும்.

பழசு எல்லாமே தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீரிலும் மீனிலும் சாதி பார்த்த ஊர்கள் இருந்தன. கரையில் நிறுத்தி வைக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். அந்தக் குறையைத் தள்ளிவிட்டு, கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மீன் காசு குளத்துக்கு

பாண்டியர் கொடியில் மீன். அவர்கள் காசிலும் மீன். மதுரைக்கு மீன் புதுசு இல்லை. ஆனால் கண்மாய் மீனைப் பற்றிய கணக்கு வழக்கைத் தெரிந்துகொள்ள நாம் கல்வெட்டுகளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படிப்பது அதுதான். அங்கே ஊர்ச் சபை தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு குழு! தமிழகக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வருமானமும் வருகிறது. ஏரி, குளங்களில் மீன் பிடிக்கிற உரிமைக்காகக் கட்டிய பணம் அது. இன்றைக்கும் நம் பக்கத்தில் கண்மாய் ஏலத்தை 'மீன் பாசிக் குத்தகை' என்றுதானே சொல்லுகிறோம்? அந்தப் பழைய சொல்லின் வால்தான் இது.

அந்தப் பணத்தை என்ன செய்தார்கள்? ஏரி மீன் வருமானத்தை அந்த ஏரியின் மராமத்துக்கே ஒதுக்கிய செய்திகள் கல்வெட்டுகளில் உண்டு. வண்டல் எடுப்பதும் கரை உயர்த்துவதும் செலவு பிடிக்கிற வேலை. கண்மாய் கொடுத்ததைக் கண்மாய்க்கே திருப்பிக் கொடுத்தார்கள். பால் கறக்கிறவன் தீவனம் போடுகிற மாதிரி நியாயம் இது.

வெள்ளைக்காரன் காலத்தில்

கம்பெனி ஆட்சி வந்தபின் நிலவரிதான் பெரிசாகத் தெரிந்தது. கண்மாய் அரசாங்கத்தின் சொத்து, ஜமீன் பகுதியில் ஜமீனின் சொத்து என்று ஆனது. ஊர்க்காரன் மண்வெட்டி எடுத்து வரணும், ஆனால் கண்மாய் அவனுடையது இல்லை என்றால் எத்தனை நாளைக்கு வருவான்? குடிமராமத்து தளர்ந்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டார்கள். வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்து வேலைக்கு வராதவர்களிடம் அதைப் பணமாக வசூலிக்கலாம் என்றது அந்தச் சட்டம். சட்டமே போடாமல் காலங்காலமாக நடந்த வேலை, சட்டம் போட்டும் சரியாக நடக்கவில்லை.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதன் கொடுமையைப் பாட்டன் பூட்டன் வழியாகக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பஞ்சத்தின் நினைவோடுதான் பென்னிகுயிக் துரை பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். 1895-ல், மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணி மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்குத் திரும்பியது. மேலூர்ப் பக்கத்தில் வானம் பார்த்திருந்த பல கண்மாய்களுக்கு வாய்க்கால் தண்ணி வந்தது. தண்ணி நிற்கிற மாதங்கள் கூடினால் மீனுக்கும் நல்லதுதானே?

அதே காலத்தில் மீனைப் பற்றிய விஞ்ஞானமும் வந்தது. பிரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர் இந்தியா முழுக்க நன்னீர் மீன்களை ஆராய்ந்து 1873-ல் அறிக்கை கொடுத்தார். சின்னக் கண் வலையாலும், ஓடுகிற தண்ணியில் நிரந்தரமாக வைக்கிற பொறிகளாலும் குஞ்சுகளை வாரி எடுப்பதால் மீன் வளம் குறைகிறது என்று அப்போதே எச்சரித்தார். 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும், தண்ணியில் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது அந்தச் சட்டம். 1907-ல் சென்னை மாகாணத்துக்கென்று மீன் துறை ஏற்பட்டது. அதற்கு அடித்தளம் போட்டவர் சர் பிரடெரிக் நிக்கல்சன்.

ஊர்க் கட்டுப்பாடு நன்றாக இருந்த இடத்தில் இந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லை. வருஷத்தில் ஒரு நாள்தான் மீன் பிடிக்கலாம் என்று இருந்தால் குஞ்சு வாருகிறவன் எங்கிருந்து வருவான்?

ஜிலேபியும் கட்லாவும்

சுதந்திரம் வந்தபின் பசியைத் தீர்க்கணும், புரதச் சத்து வேணும் என்று அரசாங்கம் மீன் வளர்ப்பைக் கையில் எடுத்தது. 1952-ல் ஆப்பிரிக்க இனமான திலேப்பியா இந்தியாவுக்குள் வந்தது. நாம் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று பெயர் வைத்துவிட்டோம். தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். வருஷத்தில் பல தடவை குஞ்சு விடும். அதனால் கண்மாய் நிறைய அதுவே பெருகி, இடம் போதாமல் கைக்கு அடக்கமான பொடி மீனாகவே நின்றுவிடும். அயிரை, உளுவை, ஆரால் என்று இருந்த நம் நாட்டு மீன்களுக்கு அது பங்காளியாக வந்து சேர்ந்தது.

அடுத்தது 1957. கட்லா, ரோகு, மிர்கால் போன்ற பெருங்கெண்டைகள் நின்ற தண்ணியில் முட்டையிடாது. வெள்ளம் ஓடும் ஆறுதான் வேணும். அதனால் குஞ்சு வேண்டுமென்றால் வடநாட்டு ஆறுகளில் போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஜூலை 10-ம் தேதி, ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி மீன் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார். நெல்லுக்கு ஐ.ஆர்.8 எப்படியோ, குளத்து மீனுக்கு அந்த ஊசி அப்படி. 1959-ல் வைகை அணை திறந்தது. அணையை ஒட்டியே அரசு மீன் பண்ணையும் ஏற்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் விரலளவுக் குஞ்சு வாங்கி விட்டால், தண்ணியும் தீனியும் சரியாக இருக்கிற கண்மாயில் பங்குனிக்குள் நல்ல எடை வந்துவிடும் என்ற நிலை உண்டானது.

இது பெரிய நன்மை. மறுக்கவே முடியாது. ஆனால் இங்கேதான் ஒரு திருப்பம். தானாக வந்த மீனை ஊர் சும்மா பங்கு போட்டது. காசு போட்டு விட்ட மீன் காசாகத்தானே திரும்பணும்? ஏலம் வந்தது. குத்தகைதாரர் வந்தார். கண்மாய் மீனுக்கு ஒரு முதலாளி வந்தார்.

நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் பொதுப்பணித் துறைக்கு, இப்போது நீர்வளத் துறைக்கு. அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிந்தது. 1980-களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய்க்குள்ளே கருவேல மரம் நட்டார்கள். மரம் ஒரு இலாகா, மீன் ஒரு இலாகா, தண்ணி ஒரு இலாகா! ஏல வருமானம் பல ஊர்களில் அந்தக் கண்மாயின் வரத்துக்காலுக்குத் திரும்பி வரவில்லை. பாசிப்பாட்டத்தின் பெயர் தங்கியது. அதன் நியாயம் போய்விட்டது.

வலை முந்தினால் வயல் காயும்

இதனால் நேரில் வருகிற கஷ்டம் உங்களுக்குத் தெரியும். குத்தகைக் கெடு பங்குனியோடு முடிகிறது என்று வையுங்கள். தண்ணி வற்றினால்தான் மீன் பிடிக்க முடியும். ஆனால் பிந்தி நட்ட நாலு பேருக்கு இன்னும் இரண்டு தண்ணி வேணும். ராத்திரியோடு ராத்திரியாக மடை திறந்திருக்கும். தண்ணி வாய்க்காலில் வீணாகப் போகும். விடிந்தால் சண்டை. மாடு குடிக்கவும், சுற்றியுள்ள கிணறு ஊறவும் நிற்கவேண்டிய தண்ணியும் அதோடு போய்விடும்.

குத்தகைதாரர் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர், மழை பொய்த்தால் நட்டப்படுகிறார். மீன் பிடிப்பதே பிழைப்பாக உள்ள குடும்பங்களும் இருக்கின்றன. கோளாறு ஆளில் இல்லை. நிபந்தனை இல்லாமல் விடுகிற குத்தகையில்தான் இருக்கிறது. நிபந்தனை இல்லாத இடத்தில்தான் கொசுவலை போட்டுக் குஞ்சை வாருவதும், பூச்சிமருந்தை ஊற்றி மீனை மயக்குவதும், அரசாங்கம் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கொண்டுவந்து விடுவதும் நடக்கிறது. அந்தக் கெளுத்தி நம் அயிரையையும் கெண்டைக் குஞ்சையும் தின்று தீர்க்கும். ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்கும் போய்விடும்.

வேளாண்மைக்காரன் என்ற முறையில் நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லணும். எண்டோசல்பான் மருந்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. இன்றைக்கு அடிக்கிற சைபர்மெத்ரின் போன்றவையும் மீனைக் கொல்லக்கூடியவைதான். தெளிப்பானைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். மருந்தடித்த வயல் தண்ணியை உடனே வடிகாலில் திறந்துவிடாதீர்கள்.

தூர தேசத்திலும் இப்படித்தான்

நம் ஊர் வழக்கம் உலகத்தில் நமக்கு மட்டும் உள்ளது இல்லை. ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில் ஆர்குங்கு என்ற ஊர். அங்கே மத்தான் பாதா ஆற்றில் வருஷம் முழுக்க மீன் பிடிக்கத் தடை. நம் மாசி, பங்குனி காலத்தில், அவர்கள் கோடையில், ஒரு நாள் குறித்து ஆயிரக்கணக்கான பேர் கைவலையும் சுரைக்குடுக்கையுமாக ஆற்றில் இறங்குகிறார்கள். 1934-ல் இரண்டு ராஜ்யங்களுக்கு இடையே பகை தீர்ந்ததைக் கொண்டாடத் தொடங்கிய விழா அது. 2016-ல் யுனெஸ்கோ நிறுவனம் அதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நாம் வெள்ளைத் துண்டு வீசுகிறதும் அதே அறிவுதான்.

இனி என்ன செய்யலாம்?

பழைய காலத்துக்குத் திரும்பிப் போக முடியாது. குத்தகையும் இருக்கட்டும், வளர்ப்பு மீனும் இருக்கட்டும். ஆனால் அந்த நாலு சட்டத்தை ஏலச் சீட்டுக்குள் ஏற்றிவிடலாம் அல்லவா? 2017-ல் குடிமராமத்துத் திட்டத்தைத் தமிழக அரசு மறுபடி எடுத்தது. மார்ச் 22-ம் தேதி உலக தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. பங்குனி பிறந்து எட்டு ஒன்பது நாளில் வருகிற சபை அது. கண்மாயைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. அங்கே இந்தத் தீர்மானங்களைப் போட்டு, குத்தகை விடுகிற அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

ஒன்று: ஆயக்கட்டுக்காரர்கள் பாசனம் முடிந்தது என்று சொல்லும் வரை மீனுக்காக மடை திறக்கக்கூடாது. இரண்டு: மடைக்கு அருகில் ஒரு கல்லில் கோடு போட்டு, அதற்குக் கீழே தண்ணியை வடிக்கக்கூடாது என்று வைக்கணும். மாட்டுக்கும் ஆச்சு, அந்தக் குழியில் தங்குகிற விரால், குரவை அடுத்த மழைக்கு விதை மீனாகவும் ஆச்சு. மூன்று: கொசுவலை, விஷம், தடை செய்த மீன் மூன்றும் கூடாது. நாலு: ஏலப் பணத்தில் ஒரு பங்கு அந்தக் கண்மாயின் வரத்துக்காலுக்கும் கலுங்குக்கும் திரும்ப வரணும். ஐந்து: குத்தகை மீன் பிடித்து முடிந்ததும் ஒரு நாள் ஊர் மக்கள் அத்தனை பேருக்கும், எந்தத் தெரு என்று பார்க்காமல், கண்மாயைத் திறந்துவிடணும்.

இன்னொன்றும் மனசில் வையுங்கள். மழைக்காலத்தில் செக்கச்செவேலென்று விரால் குஞ்சு கூட்டமாகத் திரிவதைப் பார்த்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டு அதைத் தூக்கினால் ஒரு மீனோடு போகாது. அந்தக் கூட்டமே போச்சு.

மதுரை நகரத்துக்குள் தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம் என்று பஸ்ஸில் போகும்போது பெயர் கேட்கிறோம். பெயரில்தான் குளம் இருக்கிறது. மாறாக, மேலூருக்கு அருகில் அரிட்டாபட்டியில் ஆனைகொண்டான் கண்மாயும் அதைச் சுற்றியுள்ள நீர்நிலைகளும் மலைகளும் பிழைத்திருந்ததால், 2022-ல் அந்தப் பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. எந்தக் கண்மாயைச் சொந்தம் என்று நினைக்க ஊரில் ஆள் இருக்கிறதோ, அந்தக் கண்மாய் நிற்கும்.

ஆக, கண்மாய் மீன் யாருக்குச் சொந்தம்? முதல் பங்கு கண்மாய்க்கு. அடுத்தது ஊருக்கு. அதன் பிறகுதான் வலை போட்டவருக்கு. இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால், வருகிற மாசியிலும் வெள்ளைத் துண்டு வீச ஒரு பெரியவரும், அவர் நிற்க ஒரு கரையும், அதற்குள்ளே தண்ணியும் இருக்கும்.